'கிரிமினல் மைண்ட்ஸ்' தொடரின் மனத்தை உலுக்கும் எபிசோடுகளைப் பார்ப்பது எப்படி?

குற்றத் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இனி எதைக் கண்டும் அசைய மாட்டோம் என்றொரு நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கையோடு 'கிரிமினல் மைண்ட்ஸ்' தொடரின் சில எபிசோடுகளுக்குள் நுழைந்து, பாதியில் நிறுத்திவிட்டு, அன்றிரவு விளக்கை அணைக்காமலே படுத்தவர்களில் நானும் உண்டு. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2005 செப்டம்பர் 22 அன்று தொடங்கி, 2020 பிப்ரவரி வரை 15 சீசன்களும் 324 எபிசோடுகளுமாக ஓடிய தொடர் இது. வர்ஜீனியா மாநிலத்திலுள்ள குவான்டிகோவில் இயங்கும், அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் நடத்தைப் பகுப்பாய்வுப் பிரிவைச் சேர்ந்த ஒரு சிறு குழு, ஊர் ஊராகப் பறந்து சென்று, யாரென்று தெரியாத கொலையாளியின் மனத்தை அவன் விட்டுச்சென்ற தடயங்களிலிருந்து படித்தறிந்து பிடிப்பதுதான் இதன் கதை. அந்தத் தெரியாத ஆளைக் குழுவினர் 'அன்சப்' என்பார்கள்; தொடரைப் பார்க்கத் தொடங்கிய ஒரு வாரத்தில் நீங்களும் அப்படியே சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

இந்த 324 எபிசோடுகளில் பெரும்பாலானவற்றை ஒரு மாலையில் பார்த்து, மறுநாள் மறந்துவிடலாம். பத்துப் பன்னிரண்டு மட்டும் அப்படி விடுவதில்லை. அவற்றை எந்த வரிசையில், எந்த ஆயத்தத்தோடு பார்ப்பது, எவற்றை யார் தவிர்த்துவிடுவது நல்லது என்பதே இந்த வழிகாட்டி. ஒவ்வொரு கதையிலும் முடிச்சு எங்கே விழுகிறது என்பதுவரை சொல்வேன். அது எப்படி அவிழ்கிறது என்பதைச் சொல்ல மாட்டேன். கொடூரக் காட்சிகளின் பட்டியலைத் தேடி வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஏனெனில் இத்தொடரில் நம்மை உண்மையில் உலுக்குபவை காட்டப்பட்டவை அல்ல, காட்டாமல் விடப்பட்டவை.

காட்டாமல் விட்டதற்குக் காரணம் கலை மட்டும் அன்று. சிபிஎஸ் வீட்டு ஆன்டெனாவிலேயே வந்துசேரும் ஒளிபரப்பு நிறுவனம். கேபிள் நிறுவனங்களுக்கும் ஓடிடி தளங்களுக்கும் இருக்கும் தாராளம் அதற்குக் கிடையாது. அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கும் தரக்குறியீட்டு முறையில் இத்தொடருக்குக் கிடைத்தது 'டிவி-14', அதாவது 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்ற குறிப்பு. அதற்கு மேலுள்ள, வயதுவந்தோருக்கான 'டிவி-எம்ஏ' குறியீட்டைத் தொட்டுவிடாமல், இரவு ஒன்பது மணிக்கு, வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடூரத்தைச் சொல்லியாக வேண்டும். எனவே கத்தி இறங்கும் நொடியில் கேமரா கதவின் பக்கம் திரும்பிவிடும், ஓசை மட்டும் தொடரும், மற்றதை நம் மனம் வரைந்துகொள்ளும். தரக்குறியீட்டை மட்டும் பார்த்துவிட்டு 'டிவி-14 தானே' என்று அலட்சியமாக உட்காருபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அக்குறியீடு திரையில் தெரிவதை அளக்கிறதேயன்றி மனத்தில் தெரிவதை அளப்பதில்லை.

முதலில், எது உங்களை உலுக்கும் என்று கண்டறியுங்கள்

இணையத்தில் கிடைக்கும் 'மிகக் கொடூரமான பத்து' போன்ற பட்டியல்கள் எல்லா அச்சங்களையும் ஒரே தராசில் நிறுக்கின்றன. அது தவறான அளவை. இத்தொடரின் கடுமையான எபிசோடுகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் தேர்ந்தெடுப்பது எளிதாகும். முதல் வகை, மனிதர்களை ஒரு கொடிய தேர்வுக்குள் தள்ளுபவை; இவற்றில் இரத்தம் மிகக் குறைவு, ஆனால் 'அந்த இடத்தில் நான் இருந்திருந்தால்' என்ற கேள்வி பல நாட்கள் விடாது. இரண்டாவது வகை, உடலைப் பொருளாக மாற்றுபவை. மூன்றாவது வகை, வீட்டுக்குள் வருபவை: குழந்தைகள், பெற்றோர், நாம் நம்பும் அண்டை வீட்டார் ஆகியோரைத் தொடுபவை.

ஒருவரைத் தூங்கவிடாத வகை இன்னொருவருக்குச் சாதாரணமாக இருக்கும். என்னை உடல்வகை எபிசோடுகள் பெரிதாகத் தொடவில்லை. ஒரு தாய் எட்டு ஆண்டுகளாகத் தன் மகன் உயிரோடிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் எபிசோடு மூன்று நாட்கள் தொண்டையில் நின்றது. உங்களுடைய வகை எதுவென்று தெரியாவிட்டால், இதுவரை நீங்கள் பார்த்த திரைப்படங்களில் எந்தக் காட்சியில் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள் என்று நினைத்துப்பாருங்கள். அந்த வகையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். பார்த்தே தீர வேண்டிய தொலைக்காட்சித் தொடர் என்று உலகில் எதுவுமில்லை.

இதைத் தொடருக்குள்ளிருந்தே ஒருவர் செய்துகாட்டியிருக்கிறார். முதல் இரண்டு சீசன்களில் குழுவின் மூத்தவரான ஜேசன் கிடியனாக நடித்த மேண்டி பட்டின்கின், மூன்றாம் சீசனின் தொடக்கத்திலேயே விலகிவிட்டார். இத்தொடரில் சேர்ந்ததே தாம் பொதுவாழ்வில் செய்த பெரிய தவறு என்றும், வாரந்தோறும் பெண்கள் சிதைக்கப்படுவதைச் சித்தரிப்பது தம் மனத்தைக் கெடுத்தது என்றும் 2012ஆம் ஆண்டு ஒரு பத்திரிகைப் பேட்டியில் அவர் சொன்னார். நடிப்பு என்று தெரிந்த ஒருவருக்கே அப்படியென்றால், பாதியில் எழுந்து போகும் பார்வையாளர் வெட்கப்பட வேண்டியதில்லை.

கண்ணைவிடக் காதுக்கு ஏற்பாடு செய்யுங்கள்

பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்வோம். இத்தொடரைப் பொறுத்தவரை அது பயனற்ற உத்தி, ஏனெனில் திரையில் ஒன்றும் இல்லாத நேரத்தில்தான் பயங்கரம் நடக்கிறது. ஆகவே முதல் வேலை, ஹெட்ஃபோனைக் கழற்றி வைப்பது. ஹெட்ஃபோனில் மூச்சிரைப்பும் சங்கிலி உரசலும் தலைக்குள்ளேயே கேட்கும். அறையின் ஒலிபெருக்கியில் கேட்டால் அவை அறையின் மறுகோடியில் நிற்கும். ஒலியைக் குறைத்துவிட்டு சப்டைட்டிலை வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. எழுத்தாகப் படிக்கும் அலறல் பாதி அலறல்தான். இதில் ஒரு குறையும் உண்டு: சப்டைட்டில் சில நேரம் பேசுபவரின் பெயரை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும், எனவே குரலை வைத்து ஆளை மறைக்கும் கதைகளில் அதை அணைத்துவிடுவது நல்லது.

அடுத்த வேலை ஆட்டோபிளேயை நிறுத்துவது. ஒரு கடுமையான கதை முடிந்த பத்து நொடிக்குள் அடுத்த சடலம் வந்து விழுந்தால், முதல் கதை மனத்தில் எங்கே உட்காருவது? ஒரு நாளைக்கு ஒன்று போதும். பகலில் பார்க்க முடிந்தால் பகலில் பாருங்கள். விளம்பர இடைவெளியைக் கழித்தால் ஒரு எபிசோடு ஏறக்குறைய 42 நிமிடம்தான். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் தலைப்புக்கு முந்தைய முதல் சில நிமிடங்களில் கூடுதல் கவனம் தேவை. ஓடி விளையாடும் ஒரு பிள்ளை, கடைவாசல், கார் நிறுத்துமிடம் என்று குடும்பத் தொடர் போலவே அது தொடங்கும். அறைக்குள் எட்டிப்பார்க்கும் குழந்தை நின்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் திரையில் கொலையாளியின் கை நீளும்.

மூச்சு விட்டுக்கொள்ளும் இடங்களைத் தொடரே கட்டிவைத்திருக்கிறது, அவற்றைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். வட்டமேசைக் கூட்டம், விமானத்தில் நடக்கும் உரையாடல், ஒரு மேற்கோளோடு தொடங்கி ஒரு மேற்கோளோடு முடியும் பழக்கம் ஆகியவை ஒவ்வொரு வாரமும் மாறாமல் வருவதால், பழக்கப்பட்ட படிக்கட்டில் கால் வைப்பதுபோல மனம் சமநிலைக்கு வரும். (உண்மையான பிரிவினர் இப்படித் தனி விமானத்தில் ஏறிப்போய்க் கதவை உடைப்பவர்கள் அல்லர், பெரும்பாலும் உள்ளூர்க் காவல்துறைக்கு ஆலோசனை சொல்பவர்கள் என்பதை நினைவில் வைத்திருப்பதும் ஒருவகைத் தடுப்பு மருந்துதான்.) இவற்றைவிட முக்கியமானது குழுவின் கணினி நிபுணரான பெனலோப் கார்சியாவின் அறை. வண்ணப் பேனாக்களும் பொம்மைகளும் நிறைந்த அந்தக் கணினி அறையில் உட்கார்ந்திருக்கும் அவள், குற்றம் நடந்த இடத்துப் புகைப்படங்களைக் குழுவுக்குத் திரையில் காட்டும்போது தான் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தகவல் அத்தனையும் அவளுக்குத் தெரியும், படத்தை மட்டும் பார்க்க மாட்டாள். இத்தொடரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் திரும்பிய முகம்தான்.

எதிலிருந்து தொடங்குவது

இரண்டாம் சீசனின் ஏழாவது எபிசோடான 'நார்த் மேமன்' சரியான முதல் படி. 2006ஆம் ஆண்டு வந்தது. பென்சில்வேனியாவின் ஒரு சிற்றூரில், ஒன்றாகவே வளர்ந்த மூன்று பள்ளித் தோழிகள் கடத்தப்பட்டு ஒரு நிலவறையில் அடைக்கப்படுகிறார்கள். அடைத்தவன் அவர்களைத் தொடுவதில்லை. இருவர் வெளியே போகலாம், ஒருத்தி சாக வேண்டும், யார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். கதையின் பெரும்பகுதி அந்த மூவரின் பேச்சுதான். முதலில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பிறகு தண்ணீர் இல்லை, உணவு இல்லை. பிறகு யாருக்கு உடல்நிலை சரியில்லை என்பது பேச்சில் அடிபடத் தொடங்குகிறது. அந்த வார்த்தை முதன்முதலாக விழும் நொடியைக் கவனியுங்கள். அதுவரை நட்பாக இருந்தது அந்த நொடிக்குப் பிறகு கணக்காக மாறுகிறது. இரத்தமே இல்லாத பயங்கரம் உங்களை எவ்வளவு தூரம் தொடுகிறது என்று இந்த எபிசோடில் அளந்துகொண்டால், மற்றவற்றுக்கு எவ்வளவு ஆயத்தம் தேவை என்பது புரிந்துவிடும்.

அடுத்து அதே சீசனின் 14, 15ஆம் எபிசோடுகளான 'த பிக் கேம்', 'ரெவலேஷன்ஸ்' இரண்டையும் ஒரே அமர்வில் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒன்று என்ற விதிக்கு இது விலக்கு. முதல் பகுதி 2007 பிப்ரவரி 4 அன்று, அமெரிக்கக் கால்பந்தின் ஆண்டு இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் முடிந்த கையோடு ஒளிபரப்பானது. ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுந்திருக்காமல் அமர்ந்திருந்த கோடிக்கணக்கானோர் முன்னால், குழுவின் இளையவனான ஸ்பென்சர் ரீட் ஒரு கொலையாளியின் கையில் சிக்குவதோடு அது முடிகிறது. இரண்டாம் பகுதியில் அந்த மனிதன் ரீடைக் கட்டிவைத்துத் துன்புறுத்துவதைக் கேமரா வழியாகக் குழுவினருக்கு அனுப்புகிறான். நாம் பார்ப்பது ரீடை மட்டுமல்ல. ஒன்றும் செய்ய முடியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவனது நண்பர்களையும். பார்ப்பவர்களைப் பார்க்கவைக்கும் இந்த உத்தி நம்மையும் அதே நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுகிறது. கொலையாளியாக நடித்த ஜேம்ஸ் வான் டெர் பீக் ஒரே உடலில் மூன்று ஆட்களாக மாறுவதைப் பார்க்கும்போது, அவன்மீது கோபம் வர வேண்டிய இடத்தில் இரக்கம் வந்துவிடுவது கூடுதல் சங்கடம். இந்தக் கதை இங்கே முடிந்துவிடவில்லை. ரீடின் உடம்பில் ஏற்றப்பட்ட போதைமருந்தின் நிழல் அடுத்த சில எபிசோடுகளில் பேசாமல் தொடர்கிறது. 'ஜோன்ஸ்' என்ற 18ஆம் எபிசோடுவரை பார்த்தால்தான் அந்தக் காயத்தின் முழு அளவு தெரியும்.

சாப்பிட்டுக்கொண்டே பார்க்கக் கூடாதது

மூன்றாம் சீசனின் எட்டாவது எபிசோடு 'லக்கி'. இதற்கு ஒரே ஒரு கட்டளைதான்: சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள், பார்த்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடவும் வேண்டாம். நான் இரவு உணவுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தேன். தட்டு அப்படியே சமையலறைக்குத் திரும்பிப் போனது. ஃபுளோரிடாவில் மனித இறைச்சி உண்ணும் ஒருவனைத் தேடும் கதை இது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகும் கடைசிக் காட்சி எவரையும் தாக்கும், காரணம் அதில் ஒரு துளி இரத்தம்கூட இல்லை. ஒரு மனிதன் ஒரு பாதிரியாரிடம் ஒரு சிறு வாக்கியம் சொல்கிறான், அவ்வளவுதான். அதுவரை நாம் பார்த்த நல்லெண்ணக் காட்சிகள் அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்தில் வேறொன்றாக மாறிவிடுகின்றன.

இந்த எபிசோடின் இறுதியில் மூலக் கதைக்குத் தொடர்பில்லாத இன்னொரு அதிர்ச்சியும் இருக்கிறது, குழுவில் ஒருவரைப் பற்றியது. அதற்கான விடை 'பெனலோப்' என்ற ஒன்பதாவது எபிசோடில் வருவதால், அதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ரீப்பர் வரிசையை உடைக்காதீர்கள்

இத்தொடரின் உச்சம் என்று பலரும் சொல்வது ஐந்தாம் சீசனின் ஒன்பதாவது எபிசோடான '100'. பெயருக்கேற்றபடி தொடரின் நூறாவது எபிசோடு, 2009 நவம்பர் 25 அன்று வந்தது. பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு நேராக அதற்குப் போய் விழுபவர்கள் அநேகம். அப்படிப் பார்த்தால் அது நன்றாக எடுக்கப்பட்ட ஒரு துரத்தல் கதையாக மட்டும் எஞ்சும். அதன் கனம் அதற்கு முந்தைய மூன்று கதைகளில் சேர்த்துவைக்கப்பட்டது.

முதலாவது, நான்காம் சீசனின் 18ஆம் எபிசோடான 'ஆம்னிவோர்'. பாஸ்டன் நகரில் 'ரீப்பர்' என்று அழைக்கப்பட்ட கொலையாளி பத்தாண்டுகளுக்கு முன் திடீரென்று கொல்வதை நிறுத்திவிட்டவன். நிறுத்தியதற்குக் காரணம் ஒரு காவல் அதிகாரியோடு அவன் செய்துகொண்ட ஒப்பந்தம்: நீ என்னைத் தேடுவதை விட்டுவிடு, நான் கொல்வதை விட்டுவிடுகிறேன். அந்த அதிகாரி இறந்ததும் அதே ஒப்பந்தம் குழுத்தலைவர் ஆரன் ஹாட்ச்னரின் தொலைபேசிக்கு வருகிறது. அவர் என்ன பதில் சொல்கிறார், அந்தப் பதிலுக்கு அன்றிரவே யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் அடுத்த எல்லாவற்றுக்கும் விதை. சட்டப்படி சரியான பதில் அது; அந்தச் சரியான பதிலைச் சொன்ன மனிதர் பிறகு எப்படித் தூங்குவார் என்று நாம் யோசிக்கத் தொடங்கும்போது தொடர் நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது, நான்காம் சீசனின் இறுதியாக 2009 மே 20 அன்று இரண்டு மணி நேரமாக வந்த 'டு ஹெல் அண்ட் பேக்'. ரீப்பர் கதையோடு இதற்குள்ள தொடர்பு கடைசி நிமிடத்தில்தான் தெரியும். பெயர்ப் பட்டியல் ஓடும்வரை நிறுத்தாதீர்கள். ஆனால் அந்த நிமிடத்துக்கு முன் நிற்கும் இரண்டு மணி நேரம்தான் என் கணக்கில் இத்தொடரின் மிகக் கனத்த பகுதி. டெட்ராய்ட் நகரின் தெருக்களில் காணாமற்போகும் வீடற்றவர்கள், எல்லைக்கு அப்பால் கனடாவில் ஒரு பன்றிப் பண்ணை, அங்கே வாழும் இரு சகோதரர்கள். தன் தங்கையைத் தேடிச் சலித்த ஒரு முன்னாள் படைவீரன், யாரும் காதுகொடுத்துக் கேட்காததால், பத்துப் பேரைக் கொன்றவன் நான்தான் என்று சொல்லிக்கொண்டு எல்லைச்சாவடியில் காரைக் கொண்டுபோய் மோதுகிறான். கொலைகாரன் என்று சொன்னால்தான் காவல்துறை தேடும் என்ற நிலைக்கு ஓர் அண்ணனைத் தள்ளியது எது என்ற கேள்வி, பண்ணையில் நடப்பதைவிட அதிகமாக என்னைக் குடைந்தது.

இதைப் பார்த்துவிட்டு 'கதைதானே' என்று ஆறுதல் கொள்ள முடியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், போர்ட் கொக்விட்லம் ஊரில் பன்றிப் பண்ணை வைத்திருந்த ராபர்ட் பிக்டன் 2002இல் கைதுசெய்யப்பட்டான். ஆறு பெண்களைக் கொன்ற குற்றத்துக்காக 2007 டிசம்பரில் தண்டிக்கப்பட்டான். மொத்தம் 26 கொலைகளுக்குக் குற்றம் சாட்டப்பட்டிருந்தவன் அவன். பலியானவர்களில் பலர் வான்கூவரின் ஏழ்மை மிகுந்த பகுதியில் வாழ்ந்த பெண்கள், பழங்குடிப் பெண்கள் பலரும் அவர்களுள் அடக்கம். அவர்கள் காணாமற்போனதைக் காவல்துறை உரிய அக்கறையோடு தேடவில்லை என்று பின்னர் நடந்த அரசு விசாரணையின் அறிக்கை 2012இல் பதிவுசெய்தது. இந்தச் செய்திகளை எபிசோடுக்கு முன்னால் படிக்க வேண்டாம், பின்னால் படியுங்கள். முன்னால் படித்தால் திரையில் உண்மைச் சம்பவத்தின் சாயலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பின்னால் படித்தால், பண்ணையில் குவிந்து கிடக்கும் அந்தக் காலணிகள் யாருடையவை என்று புரியும்.

மூன்றாவது, ஐந்தாம் சீசனின் முதல் எபிசோடான 'நேம்லெஸ், ஃபேஸ்லெஸ்'. இதற்கும் '100'க்கும் நடுவில் வருபவற்றை வேண்டுமானால் தாண்டிப் போகலாம்.

இப்போது '100'. அதன் மையக் காட்சியில் ஹாட்ச்னர் காரை ஓட்டிக்கொண்டிருக்கிறார், காதில் தொலைபேசி. அதே இணைப்பில் அவரது குழுவினர் ஒவ்வொருவரும் வேறு வேறு இடங்களிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மறுமுனையில் அவரது சிறு மகன். தந்தை ஒரு வழக்கில் உதவி கேட்பதுபோல மகனிடம் ஒரு வாக்கியம் சொல்கிறார். அவர்கள் இருவருக்குள்ளும் முன்பே விளையாட்டாக இருந்த ஒரு வாக்கியம் அது. பிள்ளை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டே சரி என்று சொல்லிப் போய்விடுகிறான். அதன் பிறகு நடப்பதை ஹாட்ச்னர் கேட்கத்தான் முடியும். சாலை நீண்டுகொண்டே போகிறது. இந்த இடத்துக்கு மட்டும், மேலே ஒலியைப் பற்றி நான் சொன்ன எல்லாவற்றையும் தலைகீழாக்குகிறேன்: ஒலியைக் குறைக்காதீர்கள். குறைத்தால் அந்தக் காட்சியே இல்லை. தாங்க முடியாது என்று தோன்றினால் அந்த எபிசோடையே விட்டுவிடுங்கள், அரைகுறையாகப் பார்க்காதீர்கள்.

குழந்தைகள் வரும் எபிசோடுகள்

'எ ஷேட் ஆஃப் கிரே' (நான்காம் சீசன், 21), 'மோஸ்லி லேன்' (ஐந்தாம் சீசன், 16) இரண்டும் காணாமற்போன குழந்தைகளைப் பற்றியவை. சிறு பிள்ளைகளின் பெற்றோர் இவற்றைத் தள்ளிவைப்பது நல்லது. குழந்தையை இழந்தவர்கள் அறவே பார்க்க வேண்டாம். இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன், ஏனெனில் இரண்டுமே நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிறகு கணக்குத் தீர்ப்பவை. எட்டு ஆண்டுகளாக மகனைத் தேடும் தாய் என்று முன்னால் குறிப்பிட்டது 'மோஸ்லி லேன்' எபிசோடில்தான். காவல்துறையும் கணவரும் கைவிட்ட பிறகும் ஒவ்வொரு முறை ஒரு குழந்தை காணாமற்போகும்போதும் ஓடிவந்து 'என் மகனை எடுத்த அதே ஆள்தான்' என்று சொல்லும் அவளை, முதல் பத்து நிமிடம் நாமும் தொல்லையாகத்தான் பார்ப்போம். அந்தப் பார்வைக்காகப் பிறகு நாணவேண்டி வரும்.

இந்த எபிசோடை இயக்கியவர் மேத்யூ கிரே கப்ளர், அதாவது ரீடாக நடிப்பவரே. தொடரிலேயே மென்மையான பாத்திரத்தைச் செய்யும் மனிதர் கேமராவுக்குப் பின்னால் போனதும் இருண்ட தேவதைக் கதைகளைப் போன்ற எபிசோடுகளை எடுப்பது இத்தொடரின் வேடிக்கைகளில் ஒன்று.

உடலைப் பொம்மையாக்குபவர்கள்

கப்ளர் இயக்கிய மற்றொன்று, எட்டாம் சீசனின் பத்தாவது எபிசோடான 'த லெசன்'. கடத்திவந்தவர்களின் மூட்டுகளை இடம்பெயரச் செய்து, கயிற்றில் கட்டிப் பொம்மலாட்டப் பாவைபோல ஆட்டுவிக்கும் ஒருவனின் கதை. இதில் ஒலியைக் குறைத்தே ஆக வேண்டும், மூட்டு விலகும் ஓசைக்காகவே. இதே வகையில் 'தி அன்கேனி வேலி' (ஐந்தாம் சீசன், 12) இன்னும் அமைதியானது, அதனாலேயே இன்னும் மோசமானது. அட்லாண்டிக் சிட்டியில் ஒரு பெண், மற்ற பெண்களை அசையவிடாத மருந்து கொடுத்துக் கிடத்தி, உடை தைத்து அணிவித்து, தலைவாரி, நாற்காலிகளில் பொம்மைகளாக உட்காரவைத்திருக்கிறாள். அவர்களுக்கு நினைவு இருக்கிறது, கண் அசைகிறது, வேறெதுவும் அசையாது. அவள் அவர்களைத் துன்புறுத்துவதாகவே நினைக்கவில்லை. சிறுமி பொம்மைகளோடு பேசுவதுபோல அன்பாகப் பேசுகிறாள். இந்த இரண்டில் ஒன்றைத்தான் பார்ப்பது என்றால் இதையே பாருங்கள். 'த லெசன்' நம்மை முகம் சுளிக்கவைக்கிறது. இது கொலையாளிக்காக வருந்தவைத்துவிட்டு, அவளை அப்படி ஆக்கியவரைக் காட்டி வயிற்றைப் பிசைகிறது.

ஐந்தாம் சீசனின் இறுதியான 'அவர் டார்க்கஸ்ட் அவர்' பற்றி ஒரு குறிப்பு மட்டும். மின்வெட்டு நேரத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் வீடுகளுக்குள் புகும் கொலையாளியாக டிம் கரி நடித்தது. தனியாக இருக்கும் இரவில் வேண்டாம், கதை பாதியில் நின்று அடுத்த சீசனின் முதல் எபிசோடில் முடிகிறது.

பார்த்து முடித்த பிறகு

காட்சி மனத்தை விட்டு அகலாவிட்டால், மறக்க முயல்வதைவிட அது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்வது வேகமாக வேலை செய்யும். அந்த நடிகர்கள் படப்பிடிப்பு இடைவேளையில் சிரித்துக்கொண்டிருக்கும் காணொளிகள், ஒப்பனைக் கலைஞர்களின் பேட்டிகள் ஆகியவற்றில் ஒன்றைப் பார்த்தால் போதும். உடனிருந்து பார்த்தவரோடு பத்து நிமிடம் கதையை விவாதிப்பதும் பயன் தரும்: அந்தப் பெண்கள் வேறு என்ன செய்திருக்க முடியும், ஹாட்ச்னர் அந்த ஒப்பந்தத்தை ஏற்றிருக்க வேண்டுமா என்று வாயால் பேசத் தொடங்கியதும் அச்சம் கேள்வியாக மாறிவிடும். இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகும் தூக்கம் கெட்டால், அந்த வகை எபிசோடுகள் உங்களுக்கானவை அல்ல.

2022 நவம்பரில் பாரமவுண்ட் பிளஸ் தளத்தில் 'எவல்யூஷன்' என்ற பெயரில் தொடர் மீண்டும் வந்தபோது, ஆன்டெனா ஒளிபரப்பின் கட்டுப்பாடு இல்லாததால் குறியீடு 'டிவி-எம்ஏ' ஆனது. கேமரா இப்போது கதவின் பக்கம் திரும்புவதில்லை, குழுவினர் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள், ஒரே கொலையாளி சீசன் முழுவதும் நீள்கிறான். பழையவற்றில் பழகியவர்கள் இதில் அதிகம் நடுங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு நேர்மாறாக இருந்தது. ஆகவே அதைப் பழையவற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், காதுக்கான ஏற்பாடுகளுக்குப் பதிலாகக் கண்ணை மூடிக்கொள்ளும் பழைய உத்தியே அங்கு போதும்.

'லக்கி' எபிசோடை மட்டும் ஓராண்டு கழித்து மறுபடி பார்க்கலாம். முதல் முறை எதைப் பற்றியும் சந்தேகம் எழாமல் கடந்துபோன, பலரும் ஒன்றுகூடி நல்ல காரியம் செய்துகொண்டிருக்கும் காட்சிகளில், இந்த முறை யார் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். தட்டு வேண்டாம் என்ற கட்டளை அப்போதும் பொருந்தும்.